டக்ளஸ் பேடர் வெள்ளிப் பதக்கம்: முகம் சரி, விமானம் தப்பு

1931 விபத்தில் இரண்டு கால்களையும் இழந்து, செயற்கைக் கால்களோடு திரும்ப வந்து போர் விமானம் ஓட்டிய மனிதர் என்பதால் யோசிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டேன். முகம் அருமை, வாயில் கவ்விய பைப்பின் விளிம்பு வரை விரலில் தட்டுப்படுகிறது. ஓரத்தில் 92.5% வெள்ளி என்பதைக் காட்டும் 925 முத்திரையும் இருக்கிறது.

பின்பக்கம்தான் சொதப்பல். ‘பிரிட்டன் வான்போர் 1940’ என்று எழுதிவிட்டு மேலே ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைப் பொறித்திருக்கிறார்கள், அந்த நீள்வட்ட இறக்கையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், ஆனால் அந்தப் போரில் 242-ஆம் ஸ்குவாட்ரனோடு (விமானப்படைப் பிரிவு) அவர் ஓட்டியது ஹரிக்கேன் என்ற வேறு விமானம். இதைக்கூடப் பார்க்க மாட்டார்களா? அப்புறம், உறை லூஸ், ஆட்டினால் கடகடவென்கிறது. வெறும் கையால் தொடாதீர்கள், என் கட்டைவிரல் ரேகை அவர் நெற்றியில் அப்படியே பதிந்து கிடக்கிறது. முகத்துக்காக வைத்துக்கொண்டேன், திருப்பி அனுப்பவில்லை.