பனையில் கட்டிய வயருக்கு எந்த டிரான்சீவர்? மைக்ரோ பிட்எக்ஸ், ஜி90, 7300

அமெச்சூர் வானொலி உரிமம் கைக்கு வந்த பிறகும் ஆறு மாதம் நான் டிரான்சீவர், அதாவது பேசவும் கேட்கவும் முடிகிற வானொலிப் பெட்டி, வாங்கவில்லை. மாங்குளம் - ஒட்டுசுட்டான் வீதியிலிருந்து கிரவல் பாதையில் உள்ளே போனால் எங்கள் வளவு. இரண்டு பனைக்கு நடுவே பத்துப் பத்து மீற்றராக வயர் இழுத்து, 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் என்ற இரு கை அன்ரெனா கட்டி முடித்துவிட்டேன். அதன் அடியில் எந்தப் பெட்டியை வைப்பது என்றுதான் தெரியவில்லை. எட்டக்கூடியவை மூன்று: ஐகாம் ஐசி 7300, ஷியேகு ஜி90, மைக்ரோ பிட்எக்ஸ்.

வாங்கியது மைக்ரோ பிட்எக்ஸ். ஒன்றரை வருடமாக அதில்தான் கதைக்கிறேன், அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். ஜி90ஐ வவுனியா நண்பர் ஒருவரிடம் மூன்று வாரம் இரவல் வாங்கிப் பாவித்தேன். 7300ஐக் கொழும்பில் இன்னொருவர் வீட்டில் இரண்டு மாலைகள் மட்டுமே தொட்டிருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கேட்கும் விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 7300 நூறு வாட், ஜி90 இருபது. மைக்ரோ பிட்எக்ஸ் 7 மெகாஹெர்ட்ஸில் பத்து வாட் அளவு, மேலே 28 பக்கம் போகப் போக அதுவும் இறங்கிவிடும். ஆனால் பத்து வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து டெசிபெல். கேட்பவரின் பெட்டியில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீற்றரில் அது இரண்டு புள்ளிகூட வராது. பகலில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் சென்னைக்கும் எனக்குப் பத்து வாட் போதுமாக இருக்கிறது. விலையில், ஜி90 வாங்கும் காசுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மைக்ரோ பிட்எக்ஸ் வரும், 7300இன் காசுக்கு இரண்டு ஜி90 வரும். வசதியில் 7300ஐ அடிக்க மற்ற இரண்டாலும் முடியாது. அலைக்கற்றை முழுவதும் திரையில் அருவியாக இறங்குகிறது, தொட்ட இடத்துக்குப் போகிறது. ஜி90க்குள்ளேயே அன்ரெனா டியூனர் இருக்கிறது, நீளம் சரியில்லாத வயரையும் சமாளிக்கும். மைக்ரோ பிட்எக்ஸில் இவை எதுவும் இல்லை.

மின்சாரம் அடுத்தது. எங்கள் பக்கம் மழை தொடங்கினால் கறண்ட் நிற்கும், அதனால் நான் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்றையும் சிறிய சோலார் தகட்டையும் நம்பி இருக்கிறேன். சும்மா கேட்டுக்கொண்டிருக்க 7300க்கு 0.9 அம்பியர் வேண்டும், ஜி90க்கு அரை அம்பியர் வரை. என் பெட்டியில் நான் அளந்தபோது 0.2 சுற்றளவில் இருந்தது. பற்றரியில் பாதியை மட்டும் செலவழிப்பது என்று வைத்தால், 7300 நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடும், ஜி90 ஏழு மணி நேரம் கேட்கும், இது இரவு முழுக்கக் கேட்கும். நூறு வாட்டில் பேச 7300 இழுக்கும் 21 அம்பியரை என் பற்றரியால் கொடுக்கவே முடியாது. பெரிய பற்றரி வாங்கினால் இந்தக் குறை தீரும், அதனால் இதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்க வைத்தது திருத்தும் வேலை. உடைந்தால் யார் திருத்துவது, எங்கே, எத்தனை நாளில்? போரில் பற்றரி வர விடாமல் தடுத்திருந்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. அப்பா பெடலைச் சுற்ற நான் செய்தி கேட்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியதும் அதே ஆட்கள்தான். கையால் திறந்து, கையால் பார்த்து, கையால் ஓட வைக்கக்கூடிய சாமானுக்கு இங்கே இன்னும் தனி மதிப்பு உண்டு. எனக்கும் அந்தப் புத்திதான்.

மைக்ரோ பிட்எக்ஸ் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்தது. 2003இல் வந்த அவருடைய பிட்எக்ஸின் வழியில் 2017 இறுதியில் வந்தது. சுற்றுப்படமும் மென்பொருளும் யாரும் எடுத்துப் பார்க்கலாம். நேர்மையாகச் சொன்னால் இதன் பலகையிலும் பெரும்பாலான உறுப்புகள் மேற்பரப்பில் ஒட்டிய சின்னஞ்சிறு வகைதான், தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகின்றன. ஆனால் அடிக்கடி சாகிறவை, அதாவது கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்களும் ரிலேக்களும், கால் உள்ளவை. சாதாரண சோல்டரிங் அயன் போதும்.

எனக்கு அது ஆடி மாதத்தில் நடந்தது. சோளகக் காற்று வீசி டைபோலின் ஒரு கை அறுந்து வேலியில் தொங்கியதைப் பார்க்காமல் நான் பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் வெளியீடு இல்லை. கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்களான ஐஆர்எஃப்510 இரண்டும் போய்விட்டன. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் முன்பே வாங்கி வைத்த ஆறு கிடந்தன. பழையவற்றைக் கழற்றி, புதியவற்றை வைத்து, மாலைக்குள் மறுபடி யாழ்ப்பாணத்துடன் கதைத்தேன்.

அதில் கவனிக்க வேண்டியது பயஸ் வைப்பது, அதாவது சத்தம் போகாதபோது டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தைச் சரிசெய்வது. இறுதிக் கட்டத்துக்கு மின்சாரம் தனி வயரில் வருகிறது, அதனால் அந்த வயரில் மட்டும் மல்ரிமீற்றரைத் தொடராக வைக்கலாம். அன்ரெனாவுக்குப் பதிலாக சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோட் போட வேண்டும். பயஸைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு ட்ரிம்மரையும் முதலில் ஆகக் குறைவுக்குக் கொண்டு வந்து, மைக்கில் சத்தம் போகாமல் பேசும் பொத்தானான பிடிடியை அழுத்தி, ஒவ்வொன்றையும் 100 மில்லியம்பியர் கூடும்வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். ட்ரிம்மரைக் குறைக்காமல் மின்சாரம் கொடுத்தால் புதிய டிரான்சிஸ்டரும் பழையதோடு போய்ச் சேரும். இன்னொன்று: இந்த டிரான்சிஸ்டரின் முதுகு மின்சாரம் வரும் டிரெயின் காலோடு இணைந்தது, அதனால் அதில் பூட்டிய, சூட்டை இறக்கும் ஹீட் சிங்கிலும் வோல்ட் இருக்கும். அது பெட்டியில் முட்டக்கூடாது.

மறுபக்கம், வவுனியா நண்பரின் ஜி90. ஒக்டோபர் இடிமழையில் அன்ரெனா வயரைக் கழற்றாமல் விட்டுவிட்டார். பெட்டி உயிரோடுதான் இருந்தது, ஆனால் எதையும் கேட்கவில்லை. திறந்து பார்த்தோம். எங்களிடம் இருந்த கருவிகளால் தொட முடியாத வேலை. கொழும்புக்கு அனுப்பினார், நான்கு மாதம் கழித்து வந்தது. இடி என் பெட்டியில் விழுந்திருந்தாலும் அதுவும்தான் போயிருக்கும். ஆனால் கட்டுப்பாட்டுப் பலகை தனி, பிரதான பலகை தனி. எது போனது என்று நானே கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி இப்படி முழங்கும் நாட்டில் நான்கு மாதக் காத்திருப்பு எனக்குச் சரிவராது.

மாற்றங்கள் செய்வதிலும் இதே கதைதான். மைக்ரோ பிட்எக்ஸின் உள்ளே இருப்பது ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மருமகன் ஒருநாள் நிரலைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இதிலை ரெண்டு வரி சேர்த்தால் போதும்" என்றான். அவன் சேர்த்தது: அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸுக்கு வெளியே இருந்தால் பிடிடியை அழுத்தினாலும் ஒலிபரப்பாகாது. வெளிநாட்டுப் பெட்டிகளில் டயோடைக் கழற்றி எல்லா அலைவரிசையிலும் பேச வழி திறக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சே வேண்டாம். பனையில் வயர் ஏறினால் இங்கே ஆட்கள் வந்து கேட்பார்கள். என்னிடமும் வந்தார்கள். உரிமத்தைக் காட்டினேன், தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த 7 மெகாஹெர்ட்ஸ் வலயத்தைத் தாண்டிப் பேசாத பெட்டி என்று தைரியமாகச் சொல்ல முடிந்ததில் எனக்கு நிம்மதி.

இனி அதன் குறைகள். தானாகச் சத்தத்தைச் சமன்படுத்தும் ஏஜிசி இதில் இல்லை. பக்கத்து ஊர்க்காரர் திடீரென்று பேசினால் காது அடைத்துவிடும், ஹெட்போன் போட்டுப் பழகுபவர்கள் கவனம். துடிப்பு இரைச்சலை வெட்டும் வசதியும் இல்லை. எங்களுக்கு அரைக் கிலோமீற்றரில் யானை வேலி. செக்கனுக்கு ஒருமுறை டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இரவல் ஜி90இல் ஒரு மெனுவை அழுத்தியதும் அது பெருமளவு அடங்கியது, அன்றைக்கு எனக்கு மனம் கொஞ்சம் தடுமாறியது உண்மை. பிறகு ஒரு கைவானொலியை ஏஎம்மில் போட்டு வேலியோரம் நடந்தேன். ஓரிடத்தில் சத்தம் உச்சத்துக்குப் போனது. ஈரமான கொடி ஒன்று கம்பியில் முட்டிப் பொறி பறந்துகொண்டிருந்தது. வேலியைப் பார்ப்பவர்களிடம் சொன்னேன், வெட்டிவிட்டார்கள். இரைச்சல் போனது, வேலிக்கும் வலு திரும்பியது.

இயக்கப் பழகுவதற்கு மைக்ரோ பிட்எக்ஸ் இலேசு: ஒரு குமிழ், ஒரு சத்தக் குமிழ், பிடிடி. ஜி90இன் மெனுக்கள் கைக்கு வர எனக்கு ஒரு கிழமை எடுத்தது. கணினியோடு இணைத்து, எஃப்டி8 என்ற எண்முறைச் செய்திப் பரிமாற்றம் செய்ய விரும்புபவருக்கு 7300தான் நேரான வழி, ஒரே யூஎஸ்பி வயர் போதும். கிளிநொச்சி, வவுனியா நகரத்துக்குள் இருந்து, கறண்டும் காசும் இருந்தால் அதை வாங்குவதைத் தடுக்க மாட்டேன். திருத்துவதில் ஆசையே இல்லை, கையில் தூக்கித் திரிய வேண்டும் என்பவருக்கு ஜி90.

மைக்ரோ பிட்எக்ஸைப் பழையதாக வாங்குபவர்கள் ஐந்தாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ என்று பார்த்து வாங்குங்கள். அதற்கு முந்திய பலகைகளில் ரிலேக்களின் அமைப்பால் ஹார்மோனிக் கசிவு, அதாவது பேசும் அலைவரிசையின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல், வடிகட்டியைத் தாண்டி வெளியே போனது. எனது ஆறாம் பதிப்பு. அதற்கு ஏஜிசி பலகை ஒன்று தனியாகச் செய்து வைத்திருக்கிறேன், இடிமழை தொடங்குவதற்கு முன் பொருத்திவிட வேண்டும்.