ஐடிஐ ‘எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்’ பாடம்: எப்படி இருக்கிறது?

ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலைய) மாணவர்களுக்கு வேலைக்கு வேண்டிய பொதுத் திறன்களைச் சொல்லித்தரும் பாடம் இது; பாடத்திட்டம் 2022-இல் திருத்தியது. முதல் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாம் ஆண்டுக்கு 60. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் பாடப் பொருள்கள் இலவசம். ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ, எல்லா டிரேடுக்கும் (தொழிற்பிரிவுக்கும்) ஒரே பாடம்தான். அதுவே பலம், அதுவே பலவீனமும்.

டிஜிட்டல் திறனும் பண நிர்வாகமும் உருப்படியான பகுதிகள். தகவல் தொடர்பில்தான் இடிக்கிறது. கொள்குறி வினாத் தேர்வில் சரியான விடையைத் தட்டுபவருக்கு ஷிஃப்ட் மாறும்போது லாக் புத்தகம் (வேலைக் குறிப்பேடு) எழுதத் தெரியும் என்று சொல்ல முடியாது. ‘மெஷின் சத்தம் போடுது’ என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட்காரர் முதலிலிருந்து தேட வேண்டும். ‘லேத் 3, ஹெட்ஸ்டாக் பக்கம், 600 ஆர்பிஎம் தாண்டினால் சத்தம்; ஆயில் லெவல் பார்த்தாச்சு, சரி; பெல்ட் பார்க்கவில்லை’ என்று எழுதினால் நேராக பெல்ட்டுக்குப் போவார். கடைசி இரண்டு சொல்தான் பலரும் விட்டுவிடுவது.

பயிற்றுநர்கள் இதை வகுப்பறையில் நடத்தாமல் ஒர்க்‌ஷாப்பிலேயே நடத்தலாம்: ஜாப் முடிந்ததும் ஒருவர் குறிப்பு எழுத, இன்னொருவர் எதையும் கேட்காமல் அதை மட்டும் வைத்து வேலையைத் தொடர வேண்டும். எங்கே நிற்கிறாரோ, அங்கே குறிப்பில் ஓட்டை. இரண்டாம் ஆண்டு 60 மணி நேரத்தில் பாதியை இதற்கே கொடுத்தாலும் தகும்.