நாலு டெராபைட் டிரைவும், கடைத் தம்பி அழுத்தின பொத்தானும்

கல்லிடைக்குறிச்சியில் வீடியோ எடுக்கிறவன் நான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் வயித்துப்பாட்டுக்கு. மனசுக்குப் பிடிச்சது கோயில் கொடைதான். சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் என்று சுத்துப்பட்டு ஊர்களில் எடுத்த வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் பீரோவில் 210 மினிடிவி கேசட்டாகக் கிடக்கு. ஒரு சாமக்கொடையை முழுசா எடுத்தால் நாலஞ்சு கேசட் தீர்ந்திடும். அதில் பாடினவங்களில் பாதிப் பேர் இன்னைக்கு இல்லை. போன வருசம் சாரல் சமயத்தில் ஒரு கேசட்டைத் திறந்து பார்த்தால் நாடாவில் வெள்ளையாப் பூசணம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஏத்திடணும்னு.

ஒரு மணி நேர மினிடிவி கேசட் அப்படியே ஏத்தினால் 13 ஜிபி. 210 கேசட்டுக்கு 2,730 ஜிபி. ஒரு டெராபைட் (டிபி) என்றால் சுமார் ஆயிரம் ஜிபி. ரெண்டு டெராபைட் ஹார்டு டிஸ்க் பத்தாது, நாலுதான் வாங்கணும். கையடக்கமா வருகிற டிரைவ் வேண்டாம் என்று, மூன்றரை இஞ்ச் வெறும் டிரைவ் ஒன்று, அதைப் போட யுஎஸ்பி 3.0 கேஸ் ஒன்று தனியா வாங்கினேன். சில கையடக்க டிரைவில் யுஎஸ்பி சொருகுகிற இடமே உள்ளே இருக்கிற போர்டோடு சேர்ந்து வரும். அது உடைஞ்சால் டிரைவையே தூக்க வேண்டியதுதான். இதில் கேஸ் போனால் வேறு கேஸ் வாங்கி மாட்டிக்கலாம். ரெண்டும் சேர்த்து பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு.

வாங்கினது வண்ணார்பேட்டையில் ஒரு கடையில். கடைப் பேரைச் சொல்லப் போறதில்லை, ஏன்னு போகப்போகத் தெரியும். கடைத் தம்பி நல்ல பிள்ளை. என் கண் முன்னாலேயே திருகு முடுக்கி, மாட்டி, கம்ப்யூட்டரில் சொருகினான். ஒரு பெட்டி திறந்தது. வெறும் டிரைவ் என்றால் அந்தப் பெட்டி வரத்தான் செய்யும். இனிஷியலைஸ் பண்ணணும், அதாவது புது டிஸ்க்கைத் தயார் பண்ணணும், எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். டிஸ்க்கில் எந்தப் பிரிவு எங்கே இருக்கு என்ற பட்டியலை எழுதுகிற ரெண்டு முறை அவை.

“அண்ணாச்சி, வீட்டுல என்ன சிஸ்டம் வச்சிருக்கிய?”

“லேப்டாப் புதுசுதான். கேசட் ஏத்துறது மட்டும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி டே. அதுலதான் கேமராவச் சொருகுத ஃபயர்வயர் கார்டு கெடக்கு.”

“அப்ப எம்பிஆர் போட்டுருதேன். அதுன்னா எல்லாத்துலயும் ஓடும்.”

எனக்கு என்ன தெரியும், சரின்னு தலையாட்டிட்டு செங்கோட்டை ரயிலைப் பிடிச்சு வந்துட்டேன்.

ரெண்டு நாளில் 23 கேசட் ஏத்தியாச்சு. மூணாம் நாள்தான் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தேன். மொத்தமே 1.99 டிபி என்று காட்டுது. டிரைவ் மேல ஒட்டியிருக்கிற சீட்டில் 4 டிபி. ரெண்டு டிபி டிரைவில் நாலு டிபி சீட்டை ஒட்டி ஏமாத்திட்டான் என்றுதான் முதலில் தோணிச்சு. கடைக்குப் போன் போட்டால், “பிரிச்ச பொருள திரும்ப எடுக்க மாட்டோம் அண்ணாச்சி, ஒங்க கம்ப்யூட்டரு பழசுல்லா” என்று வைத்துவிட்டான். ராத்திரி சாப்பாடு இறங்கலை.

சென்னையில் இருக்கிற மருமவனுக்குப் போன் பண்ணினேன். “மாமா, லேப்டாப்புல சொருகி டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் தொறங்க” என்றான். டிஸ்க் எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு விண்டோஸ் காட்டுகிற பக்கம் அது. திறந்தால் பாதி நீலம், பாதி கறுப்பு. நீலத்தில் 2,048 ஜிபி. கறுப்பில் 1,678 ஜிபி, யாருக்கும் ஒதுக்காத இடம். அதில் ரைட் கிளிக் பண்ணினால் எல்லா வரியும் மங்கிக் கிடக்கு. இடம் இருக்கு, நுழைய வழி இல்லை.

கடைக்காரன் டிரைவில் ஏமாத்தலை, பொத்தானில் கவுத்திட்டான். எம்பிஆர் என்பது 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்த காலத்துச் சமாச்சாரம். அந்த மெஷினில் ஹார்டு டிஸ்கே 10 எம்பிதான். டிஸ்க்கை 512 பைட் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் கொடுப்பாங்க. அந்த எண்ணை எழுத எம்பிஆரில் 32 பிட் இடம்தான் உண்டு. சுமார் 429 கோடித் துண்டோட எண் தீர்ந்திடும். பெருக்கிப் பார்த்தால் சரியா 2,048 ஜிபி. தெருவில் அதுக்கப்புறமும் வீடு இருக்கு, கதவிலக்கம் இல்லை, தபால்காரர் திரும்பிப் போயிடுவார். 10 எம்பி காலத்தில் இதை யோசிக்காததை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நாலு டிபி டிரைவை விற்கிறவன் யோசிக்கணும்லா?

ஜிபிடியில் எண் 64 பிட். நம்ம ஆயுசில் தீராது. எம்பிஆரில் பிரதானப் பிரிவு (பார்ட்டிஷன்) நாலுக்கு மேல போட முடியாது. ஜிபிடியில் விண்டோஸ் 128 வரை விடும். எனக்கு 128 எதுக்கு? எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. எந்தப் பிரிவு எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுது என்ற பட்டியலை டிஸ்க்கின் தலையில் ஒண்ணு, வாலில் ஒண்ணு என ரெண்டு பிரதி வைக்கும். கூடவே சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகை. எங்க ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிற நோட்டும் இப்படித்தான், ரெண்டு பேர் வீட்டில் இருக்கும். ஒண்ணு நனைஞ்சாலும் கணக்கு போகாது. எம்பிஆரில் இருக்கிறது முதல் துண்டில் ஒரே ஒரு பட்டியல். ஜிபிடியிலும் பிழைக்கிறது பட்டியல் மட்டும்தான். படத்துக்கு இன்னொரு நகல் நாமதான் எடுத்து வைக்கணும்.

மாத்துகிற வேலை பெரிசில்லை, ஆனா விண்டோஸில் டேட்டா டிஸ்க்கை மாத்தணும்னா இருக்கிறதெல்லாம் அழியும். 23 கேசட்டையும் மறுபடி ஏத்தணும், 23 மணி நேரம். பல்லைக் கடிச்சுக்கிட்டு நீலத்தை டெலிட் பண்ணினேன். பிறகு இடது ஓரத்தில் டிஸ்க் 1 என்று எழுதியிருக்கிற பெட்டியில் ரைட் கிளிக் பண்ணினால்தான் ஜிபிடிக்கு மாத்தச் சொல்லுகிற வரி தெரியுது. “டிஸ்க் 0 பக்கமே போயிராதிய மாமா, அது லேப்டாப்போடது” என்று மருமவன் ஏழு தடவை சொல்லியிருப்பான். மாத்தினதும் மொத்தம் 3.63 டிபி என்று வந்தது. மிச்சத்தை யாரும் திங்கலை. டிரைவ் கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1,024-ஆ எண்ணுது. கடைப் படியும் வீட்டுப் படியும் மாதிரி.

கடைத் தம்பி சொன்னதில் ஒரு உண்மையும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஜிபிடி ஆக்கின டிரைவை என் எக்ஸ்பி மெஷினில் சொருகினால் திறக்கவே இல்லை. ‘ஜிபிடி புரொடெக்டிவ்’ என்று ஒரு கட்டம் மட்டும் காட்டிச்சு. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி படிக்கத் தெரியாது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் இருந்து தெரியும். அதனால் இப்போ பழைய 1 டிபி டிரைவ் ஒன்றை எம்பிஆரிலேயே விட்டு, சுமைகூலி ஆள் மாதிரி வச்சிருக்கேன். எக்ஸ்பியில் ஏத்தி அதில் போடுவேன், லேப்டாப்பில் பெரிசுக்கு இறக்குவேன். யுஎஸ்பி 2.0-இல் ஒரு கேசட்டுக்கு ஏழு நிமிசம்போல கூடுது. கேசட் ஓடவே ஒரு மணி நேரம் ஆகுதே, அதில் இந்த ஏழு நிமிசம் ஒரு கணக்கா?

அடுத்து ஃபார்மேட், அதாவது ஃபைல்களை டிஸ்க்கில் எழுதி வைக்கிற முறை. ஃபேட்32 பேச்சே இல்லை, ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டக் கூடாது. என் ஃபைல் ஒவ்வொன்றும் 13. பாளையங்கோட்டையில் எடிட்டிங் பண்ணுகிற நண்பர் மேக் வச்சிருக்கார். விண்டோஸோட முறையான என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், சும்மா எழுத விடாது. எக்ஸ்ஃபேட் என்ற முறையில் விண்டோஸ், மேக் ரெண்டிலும் எழுதலாம். ஆனா எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனால் என்டிஎஃப்எஸ் தன் குறிப்பேட்டைப் பார்த்து எழுந்திருக்கும், எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு கிடையாது. ஆனி ஆடிக் காத்தில் எங்க ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும்னு எங்களுக்குத்தான் தெரியும். அதனால் ரெண்டாப் பிரிச்சேன். 3,000 ஜிபி என்டிஎஃப்எஸ், கேசட் எல்லாம் அதில். மிச்சம் 726 ஜிபி எக்ஸ்ஃபேட், எடிட்டருக்குக் கொடுத்து வாங்க.

டீக்கடை டிவியில் கொடை வீடியோ போடணும்னு ஒரு நாள் இந்த டிரைவைத் தூக்கிட்டுப் போய் அசிங்கப்பட்டேன். பழைய டிவி, ஜிபிடி என்றால் ஒன்றுமே சொருகாத மாதிரி இருந்தது. அதுக்குப் பென்டிரைவ்தான் சரி: எம்பிஆர், ஃபேட்32, வீடியோவைச் சுருக்கிப் போட்டால் ஓடுது.

கேஸைப் பத்தி: 12 வோல்ட் அடாப்டர் இல்லாமல் நடக்காது, யுபிஎஸ்ஸில் மாட்டுங்க. விசிறி இல்லை, சித்திரை மாசம் தொட்டால் சுடும். நான் மூடியைக் கழட்டி வச்சுத்தான் ஓட்டுறேன். வயர் ஒரு முழம்கூட இல்லை. நீல லைட் கண்ணைக் குத்துது, மேல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிட்டேன். நல்ல விசயம், டிரைவை உள்ளபடி காட்டுது. சில பழைய கேஸ் 2 டெராபைட்டுக்கு மேல எண்ணவே எண்ணாது. இன்னும் சிலது துண்டை 4,096 பைட் என்று சொல்லி எம்பிஆரிலேயே முழுசையும் காட்டும். அந்த டிரைவைக் கழட்டி வேறு கேஸில் போட்டால் காலி டிஸ்க் மாதிரி இனிஷியலைஸ் பண்ணட்டுமா என்று கேட்கும். உள்ளே சாமான் இருக்கிற டிரைவ் அப்படிக் கேட்டால் கேன்சலை அழுத்திட்டு எழுந்து போயிடுங்க.

டிரைவுக்கு நாலு ஸ்டார். கேஸுக்கு மூணு. கடைக்கு ரெண்டரை. விலை நியாயம், பையன் மரியாதையானவன், அதுக்காக. இன்னைக்கு வரை 131 கேசட் ஏத்தியாச்சு. நகல் வைக்க இன்னொரு 4 டிபி வாங்க அடுத்த மாசம் அதே கடைக்குத்தான் போறேன். கவரைப் பிரிக்காம குடுடே என்று மட்டும் சொல்லணும்.