இரைப்பு நோய்க்கு மூலிகை மாத்திரையா, மணப்பாகா, இன்ஹேலரா?

தாம்பரம் சானடோரியத்தில், 1928-இல் காசநோய் இல்லமாகத் தொடங்கிய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும், 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஒரே வட்டாரத்தில் இயங்குகின்றன. இரைப்பு எனப்படும் ஆஸ்துமா நோயாளி உள்ள நம் வீடுகள் பலவற்றிலும் இன்ஹேலரும், ஆடாதோடை இலையைச் சர்க்கரைப் பாகில் சேர்த்துச் செய்யும் மணப்பாகும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. பல ஆண்டுகளாக ஆஸ்துமாவுடன் வாழும் என் அம்மாவுக்கு இந்தப் பனிக்காலத்தின் தொடக்கத்தில் உறவினர்கள் ஒரு மூலிகை மாத்திரையைப் பரிந்துரைத்தபோது, எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, மருத்துவர் எழுதிக்கொடுத்த புடசோனைடு–ஃபார்மோடெரால் இன்ஹேலரை (அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்தது) அப்படியே தொடர்வது. இரண்டாவது, அதனுடன் ஆடாதோடை மணப்பாகைச் சேர்த்துக்கொள்வது. மூன்றாவது, பத்துப் பன்னிரண்டு மூலிகைகள் சேர்ந்த, உணவுச் சேர்மமாக விற்கப்படும் மாத்திரைக்கு மாறுவது. இன்ஹேலரை விடாமல் தொடர்வது, மாத்திரையை விலக்குவது, ஆடாதோடையைச் சில நிபந்தனைகளுடன் ஏற்பது என்று முடிவு செய்தோம். என் சாய்வு இன்ஹேலரின் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை, சுவை, எளிதில் கிடைப்பது ஆகியவற்றில் பேச அதிகமில்லை. மூச்சுத்திணறல் முற்றிய நேரத்தில் கஷாயத்துக்கு இடமே இல்லை என்பதிலும் விவாதம் வேண்டாம். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதே என்ற அச்சத்துக்கு மட்டும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். புடசோனைடு ஒரு முறை இழுப்பில் பொதுவாக 200 மைக்ரோகிராம் இருக்கும். அது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இரைப்பு முற்றும்போது விழுங்கத் தரப்படும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் எடையை மட்டும் வைத்து நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் மூச்சுக்குழாய்க்கே நேராகச் செல்லும் மருந்துக்கு எவ்வளவு சிறிய அளவு போதும் என்பது இதிலிருந்து விளங்கும். குரல் கம்முவதும் வாயில் பூஞ்சை படர்வதும் இதன் உண்மையான தொல்லைகள்தாம். மருந்தை இழுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்பினால் அவை பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

மூலிகைகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற காரப்பொருளைப் பின்பற்றி உருவாக்கப்பட்டதே, இன்று சளி இளக்கும் மருந்துகளில் இடம்பெறும் புரோம்ஹெக்சின். 1802-இல் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குச் சென்ற ஊமத்தையை அந்நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் இரைப்பு நோயாளிகளுக்குப் புகைக்கக் கொடுத்தார்கள். ஊமத்தையில் உள்ள அட்ரோபினை மாற்றியமைத்துச் செய்யப்பட்டதே இப்போதைய இப்ராட்ரோபியம் இன்ஹேலர். தாவரத்திடமிருந்து மருத்துவம் பெற்றுக்கொண்டது ஏராளம். ஆனால் ஊமத்தைப் புகையில் எவ்வளவு நஞ்சு உள்ளே போகிறது என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. சற்று மிகுந்தால் மூளை குழம்பும், நெஞ்சு படபடக்கும். இப்ராட்ரோபியத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மருந்து வருகிறது. அதில் மிகச் சிறிய பங்கே ரத்தத்தில் கலக்கிறது. பொருளின் குணத்தைப் போலவே அதன் அளவும் மருந்தைத் தீர்மானிக்கிறது. என் முடிவு இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே அமைந்தது.

அம்மா இன்ஹேலருடன், மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்றும் எடுத்துக்கொள்கிறார். தியோஃபிலின் பயன் தருவதற்கும் நஞ்சாவதற்கும் இடையே உள்ள எல்லை மிகக் குறுகியது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் குமட்டல், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட ஏற்படலாம். திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், உடல் தியோஃபிலினை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்து, ரத்தத்தில் அதன் அளவை உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ரசத்தில் சேரும் மிளகைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நாள்தோறும் செறிவாக உட்கொள்ளும் பொடியைப் பற்றியே சொல்கிறேன். அதிமதுரம் இன்னொரு வழியில் இடையூறு செய்கிறது. அதில் உள்ள கிளிசரைசின் உடலில் உப்பைத் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. சிறுநீர் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவை. மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெரால், சால்பியூட்டமால் ஆகியவையும் அப்படியே. இவை எல்லாம் ஒருங்கே சேர்ந்தால் இதயத் துடிப்பு சீர்குலையும் வாய்ப்பு உண்டு. உறவினர்கள் பரிந்துரைத்த மாத்திரையின் அட்டையில் திப்பிலி, அதிமதுரம் இரண்டின் பெயரும் இருந்தன. ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் இல்லை.

உணவுச் சேர்மமாக விற்கப்படும் பொருளின் அட்டையில், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. இரைப்புக்குத் தீர்வு என்று வாய்மொழியாகச் சொல்லி விற்கப்படும் பொருள் இந்த வரியைத் தன்மீது சுமந்திருப்பதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். அட்டையில் இல்லாத பொருள்களும் கவலைக்குரியவை. 2004-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வில், பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ கண்டறியப்பட்டன. மூலிகை என்று விற்கப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரைகளையே அரைத்துக் கலந்திருந்ததும் பல நாடுகளில் அம்பலமாகியிருக்கிறது. மைக்ரோகிராம் அளவிலான ஸ்டீராய்டுக்கு அஞ்சி இன்ஹேலரை விட்டவர், எவ்வளவு என்றே தெரியாத ஸ்டீராய்டை விழுங்கி, அதைத் திடீரென நிறுத்தும் நாளில் உடல் தளர்ந்து விழும் நிலை எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

ஆடாதோடை இவ்வளவு ஆபத்தானதல்ல. ஒரே மூலிகை என்பதால் எது என்ன செய்கிறது என்று கவனிக்க முடிகிறது. எனினும் இலையின் முதிர்ச்சி, பருவம், விளைந்த இடம் ஆகியவற்றைப் பொறுத்து வாசிசின் அளவு மாறும். எனவே வீட்டில் காய்ச்சும் குடிநீரைவிட, உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்த மணப்பாகே மேல் என்று நினைத்தோம். மணப்பாகு சர்க்கரைப் பாகு என்பதைச் சர்க்கரை நோயாளிகள் மறக்கலாகாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது என்பதால் கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.

தூதுவளையையும் கண்டங்கத்திரியையும் இரைப்பு நோயாளிகளிடம் சோதித்த ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு 1999-இல் வெளியானது. இரண்டுமே மூச்சின் அளவை ஓரளவு உயர்த்தின. ஆனால் டெரிஃபிலின் (தியோஃபிலின் வகை மருந்து), சால்பியூட்டமால் மாத்திரைகள் தந்த பலனை எட்டவில்லை. இதனுடன் மற்றொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைக் கையாளக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் வலியுறுத்துகிறது. அது குழாயை விரிக்கிறதே தவிர உட்சுவரின் அழற்சியைத் தணிப்பதில்லை. அழற்சி வளர்ந்துகொண்டிருக்க, இளைப்பு இல்லாததால் நோயாளி நலமென்று எண்ணிவிடுகிறார். நிரூபிக்கப்பட்ட மருந்தே தனித்து நிற்கப் போதாது என்னும்போது, அதைவிட மெல்லிய பலன் தரும் மூலிகை புடசோனைடின் இடத்தை நிரப்பும் என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே நெஞ்சக மருத்துவர், சித்த மருத்துவர் இருவரிடமும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் காட்டிய பிறகே மணப்பாகைத் தொடங்கினோம். இன்ஹேலரின் அளவைக் குறைக்கவில்லை. புதிதாக வேறெதையும் சேர்க்கவில்லை. மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் ஊதிக் குறித்துவைத்தோம். அம்மாவின் சிறந்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மருத்துவரை அழைப்பது, 50-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கே செல்வது என்பது ஏற்பாடு. சளி இளகி எளிதாக வெளியேறுவதாகவும் இரவு இருமல் குறைந்ததாகவும் அம்மா சொல்கிறார். அதை நான் நம்புகிறேன். மீட்டரின் எண்களில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஒரு பனிக்காலத்து அனுபவத்தை வைத்து இதற்கு மேல் சொல்வது முறையாகாது. குழந்தைகளுக்கோ, புகைப்பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர்களுக்கோ இந்த முடிவைப் பொருத்திச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. சித்த மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் நெடுநாள் சிகிச்சை பெறுவோரின் நிலையும் வேறு.

பனி விலகியதும் மணப்பாகை நிறுத்திவிட்டு, மீட்டரில் ஊதுவதைத் தொடரவிருக்கிறோம். எண்கள் மாறாமல் இருமல் மட்டும் திரும்பினால் அடுத்த மார்கழியில் மீண்டும் தொடங்கலாம் என்று சித்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்ஹேலரைக் குறைப்பதைப் பற்றிய பேச்சை, சில மாதங்கள் தொடர்ந்து அளவுகள் சீராக இருந்தால் நெஞ்சக மருத்துவரே எடுப்பார்.