ஒரே ஸ்டேஷன், இரண்டு சுற்று: பாக்ஸ் ஹில்லா, டென்பீஸா?

லண்டன் விக்டோரியாவில் ஏறி சட்டன், எப்சம் தாண்டிப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் ‘பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள்’ என்ற குட்டி ஸ்டேஷன் வரும். இறங்கியதும் முடிவெடுத்தாக வேண்டும். கிழக்கே போனால் மோல் ஆறு, பாக்ஸ் ஹில். மேற்கே போனால் காட்டுப் பள்ளத்தாக்குகள், ரான்மோர் மேடு, கடைசியில் டென்பீஸ் திராட்சைத் தோட்டம். இரண்டுமே புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும் சுற்றுப்பாதைகள். போன வருஷம் தேனிப் பக்கத்திலிருந்து வந்த சித்தப்பாவை அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் இரண்டுக்கும் கூட்டிப் போனேன்.

யாரைக் கேட்டாலும் பாக்ஸ் ஹில் என்றுதான் சொல்வார்கள். அதில் தப்பில்லை. கொஞ்ச நேர நடையிலேயே கைமேல் பலன் கிடைக்கிற மலை அது. ஏ24 சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்து ஆற்றங்கரைக்கு வந்தால், மோல் ஆற்றின் குறுக்கே 17 கற்கள் போட்டிருக்கும். ஒவ்வொன்றாகக் கால் வைத்துத் தாண்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் உச்சமே அதுதான்; நான்கு முறையாவது போய்விட்டுத் திரும்பி வருவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது எதிரிப் படை கடந்துவிடக் கூடாதென்று பழைய கற்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். 1946இல் புதிய கற்களைத் திறந்து வைத்தவர் அன்றைய பிரதமர் கிளெமென்ட் அட்லி. நல்ல மழை பெய்தால் கற்கள் தண்ணீருக்குள் போய்விடும். கவலையில்லை, பக்கத்திலேயே நடைபாலம் இருக்கிறது.

அதற்குப் பிறகு 275 படிகள். பழனிப் படி மாதிரி அளவெடுத்துக் கட்டியதில்லை. மரக்கட்டையை அணைகொடுத்து மண்ணில் வெட்டியவை, ஒன்று அரை அடி என்றால் அடுத்தது முக்கால் அடி. சித்தப்பாவுக்கு வயது அறுபத்தாறு, வலது முட்டி கொஞ்சம் தகராறு. நூறாவது படியில் நின்று, “ஏப்பா, மேல சாமி யாரு?” என்று கேட்டார். சாமி இல்லை. சாலமன்ஸ் நினைவு மேடைதான். லியோபோல்ட் சாலமன்ஸ் இந்த மலையை வாங்கி 1914இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்தவர். அந்த மேடையில் நின்றால் டார்க்கிங் ஊரும் தெற்கே விரியும் சமவெளியும் ஒரே பார்வையில் அடங்கும். பாக்கியை ஒரு வரியில் முடித்துவிடலாம்: அங்கிருந்து ஜூனிப்பர் ஹால் பக்கம் இறங்கி மிக்கிள்ஹாம் கிராமம் வழியாக ஸ்டேஷனுக்குத் திரும்பினால் ஏழெட்டு கிலோமீட்டர், மூன்று மணி நேரம்.

குறை என்றால் கூட்டம். 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் சைக்கிள் பந்தயம் இந்த மலையை ஒன்பது தடவை சுற்றியது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிக்ஜாக் ரோட்டைக் குறுக்கே கடப்பதே ஒரு வித்தை. மேடையில் படம் எடுக்க வரிசை, காபிக்கு வரிசை. அங்கே தனிமை வேண்டுமென்றால் மேஜர் லபிலியேரைத்தான் தேடிப் போக வேண்டும். 1800இல் இறந்த இந்த மனிதர் தன்னைத் தலைகீழாகப் புதைக்கச் சொல்லி, அப்படியே புதைக்கப்பட்டவர். நினைவுக்கல் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பாதிப் பேர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

சரி, மேற்குச் சுற்றுக்கு வருவோம். நீளம் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர். நாங்கள் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டோம். ஸ்டேஷனிலிருந்து சேப்பல் லேன் என்ற சாலை. வழியில் இடிந்த சிறு தேவாலயத்தின் இரண்டு சுவர்த் துண்டுகள். போலஸ்டன் லேசி மாளிகை வரை பெரிதாக ஒன்றும் இல்லை, வேலியும் வயலும்தான். அந்த மாளிகை பிற்பாடு ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர் 1923இல் தேனிலவுக்கு வந்து தங்கிய இடம். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் பாதி நாள் போய்விடும் என்பதால் நாங்கள் போகவில்லை.

அதற்குத் தெற்கே பாதை ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறது. சுற்று உண்மையில் தொடங்குவது அங்கேதான். இருபுறமும் பீச் (beech) மரங்கள். கோடையில்கூட அடியில் புல் முளைக்காத அளவுக்கு நிழல். ஏப்ரல் கடைசியில் வந்தால் புளூபெல் பூக்கள் தரை முழுக்க நீலம் கொட்டியதுபோல் இருக்கும். சாலையே எட்டாத ஒரு மேட்டில் டானர்ஸ் ஹேட்ச் என்ற பழைய குடிசை. இப்போது அது இளைஞர் விடுதி. அங்கே ஒரு கட்டையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். ஒரு மணி நேரத்தில் எங்களைக் கடந்து போனவர்கள் மூன்று பேர், ஒரு நாய்.

ஏறி வந்தால் ரான்மோர் தேவாலயம். 1859இல் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் கட்டியது. சுவர் முழுக்க உருண்டைச் சக்கிமுக்கிக் கற்கள், முட்டைகளை அடுக்கிப் பூசியதுபோல. கட்டச் சொன்ன க்யூபிட் குடும்பம்தான் அப்போது டென்பீஸ் எஸ்டேட்டின் உடைமையாளர். உள்ளே ஒரு சிறு பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இந்தக் குடும்பத்தின் மூத்த மகன்கள் மூவரும் இறந்துபோனார்கள், அவர்கள் நினைவாக. குடும்பத்தின் பிரபுப் பட்டம் நான்காவது மகன் ரோலண்டுக்குப் போனது. அவருடைய பேத்தி இன்றைய ராணி கமீலா.

டென்பீஸ் சரித்திரத்தில் எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய ஆள். 1734இல் இந்த நிலத்தை வாங்கியவர் ஜொனாதன் டயர்ஸ். லண்டனில் வாக்ஸ்ஹால் கேளிக்கைத் தோட்டத்தை நடத்தியவர். ஊரையே ஆடவைத்துப் பணம் பார்த்த மனிதர், தனக்கென்று இங்கே உண்டாக்கியது சாவை நினைவூட்டும் தோட்டம். காட்டுச் சரிவு ஒன்றுக்கு ‘மரண இருளின் பள்ளத்தாக்கு’ என்று பெயர் வைத்து, வாசலில் மண்டையோடுகளை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும் கடிகாரமும் வைத்திருந்தார். 1767இல் அவர் இறந்த பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் புத்தகங்களில் மிச்சம்.

தேவாலயத்திலிருந்து கிழக்கே ‘நார்த் டவுன்ஸ் வே’ நடைபாதை. ஃபார்ன்ஹாமிலிருந்து டோவர் வரை 246 கிலோமீட்டர் ஓடுகிற நெடும்பாதையில் ஒரு சிறு துண்டு இது. மரங்கள் விலகியதும் வலதுபக்கம் சரிவு முழுக்கத் திராட்சை. சுமார் 265 ஏக்கர். 1980களில் பன்றியும் மாடும் வளர்த்து நொடித்துக்கொண்டிருந்த நிலம் இது. பக்கத்தில் குடியிருந்த நிலவியல் (geology) பேராசிரியர் ரிச்சர்ட் செல்லி, பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் இருக்கும் அதே சுண்ணாம்பு மண், தெற்கு பார்த்த சரிவு, திராட்சை போட்டுப் பாருங்கள் என்றார். உடைமையாளர் ஏட்ரியன் வைட் கேட்டுக்கொண்டார். 1986இல் முதல் கொடிகள் நடப்பட்டன. இன்றைக்கு ஷார்டனே, பினோ நுவார், பாக்கஸ் என்று பல ரகம்.

பாக்ஸ் ஹில் மேடையில் படம் எடுக்கக்கூட எழுந்திருக்காத சித்தப்பா, இங்கே வரிசைக்குள் குனிந்து கொடியின் அடித்தண்டைப் பிடித்துப் பார்த்தார். கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்குமேல் பந்தல் போட்டுத்தான் பன்னீர் திராட்சை. இங்கே இடுப்பளவு தண்டு, இரண்டு மூன்று கம்பி, வேலி கட்டியதுபோல் வரிசை. “பந்தல் இல்லாம வெயில் காயில படாதா?” என்றார். படட்டும் என்றுதான் இப்படி என்றேன். நம் ஊரில் இலை குடை பிடிக்க வேண்டும். இந்த ஊரில் கிடைக்கிற கொஞ்ச வெயிலும் குலைமேல் விழ வேண்டும். வருஷத்துக்கு ஒரே அறுப்பு, அதுவும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்றதும் அவருக்கு மனசு ஆறவில்லை. “மூணு வெட்டு வெட்டுற கொடியப்பா இது!” ஆனால் கவாத்து சுத்தமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். காயைத் தொடவில்லை, தொடவும் கூடாது. பாதை பொதுவழி, பழம் அவர்களுடையது.

மேற்குச் சுற்றிலும் தொல்லை உண்டு. குளிர்காலத்தில் பள்ளத்தாக்குச் சேறு கணுக்கால் வரை. நனைந்த சுண்ணாம்புப் பாதை சோப்பு மாதிரி. ஒருமுறை எதிர்த்திசையில் சுற்றி, இறக்கத்தில் வழுக்கி உட்கார்ந்த வெள்ளைக் கறையோடு ரயிலில் வந்திருக்கிறேன். கடை, கழிப்பறை என்று பார்த்தால் போலஸ்டன் லேசியை விட்டால் டென்பீஸ் கட்டடம்தான், அதுவும் பாதையை விட்டுக் கீழே இறங்கிப் போக வேண்டும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு அங்கே பார்க்ரன் என்ற வாராந்தர ஓட்டம் வேறு.

ஆக, முழங்கால் அளவு பிள்ளைகள், மூன்று மணி நேரம்தான் கையில் இருக்கிறது, ஊருக்கு அனுப்ப ஒரு நல்ல படம் வேண்டும் என்றால் பாக்ஸ் ஹில். முட்டி வலிக்காரர்களுக்கு அந்தப் படிகளைச் சிபாரிசு செய்ய மாட்டேன்; நீளமாக இருந்தாலும் மேற்குச் சுற்றின் ஏற்றம்தான் அவர்களுக்குச் சுலபம் என்று சித்தப்பாவே சொன்னார். எனக்கென்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன், மேற்குதான். ஒரே ஒரு நிபந்தனை: காட்டை முதலிலும் தோட்டத்தைக் கடைசியிலும் வையுங்கள். மாலையில் கிழக்கு நோக்கி இறங்கும்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். எதிரே பாக்ஸ் ஹில்லின் வெள்ளைச் சுண்ணாம்புச் சரிவு அந்த வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும்.

அன்றைக்கும் தெரிந்தது. உச்சியில் எறும்பு அளவில் ஆட்கள். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “போன வாரம் அங்கதான நின்னோம்? இந்தத் தோட்டத்த அப்பவே காட்டியிருக்கலாம்ல.”

காட்டினேன், கீழே பச்சையாகத் தெரிகிறது பாருங்கள் என்று. படி ஏறின களைப்பில் அவர் கவனிக்கவில்லை. ரயிலுக்குப் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டே அவரை நகர்த்தினேன்.