கடைப் பெட்டியா, ரப்பர்க்கொட்டையா? வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை வழியாகப் பாடம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க நினைக்கும் அம்மாவுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. இணையத்தில் ஆர்டர் போட்டு வரவழைக்கும் கைவேலைப் பெட்டி ஒன்று. தோட்டத்திலும் வாசலிலும் கிடைப்பதை வைத்துத் தினம் ஒரு கைவேலை செய்வது இன்னொன்று. ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதிலேயே இருக்கும் செயல்திட்டம் மூன்றாவது. நான்காவது, புத்தகக் கடையில் விற்கும் பயிற்சிப் புத்தகம்.

என் இரண்டு பிள்ளைகளோடும் நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு, தோட்டத்துப் பொருளை வைத்து நடத்தும் நீண்ட செயல்திட்டம்தான் அதிகம் கற்றுக்கொடுக்கிறது. ஆனால் எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் அது சரிப்பட்டு வராது. எங்கே சரிப்படும், எங்கே மற்றவை மேல் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பள்ளி வயதை எட்டிய பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டிலேயே ஆரம்பக் கல்வி தர விரும்புகிறவர்கள் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். ஆகவே நான் இங்கே பேசுவது முதலாம் ஆண்டுக்கு முந்திய பருவத்தையும், பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளையின் சனி ஞாயிறையும் பற்றித்தான். பாலர் பள்ளி தொடர்பான விதிகள் மாறி வருகின்றன. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைப் பெட்டி

பெட்டியைத் திறந்தால் எல்லாம் அளவாக வெட்டி வைத்திருக்கும். பஞ்சு அட்டை, ஒட்டும் கண்கள், மணிகள், மேலே முடித்த பொருளின் படம். விலை 20, 30 ரிங்கிட் இருக்கும். தயார் செய்யும் வேலை அம்மாவுக்கு இல்லை, குப்பையும் குறைவு. தொழிற்சாலை பஸ்ஸில் ஷிஃப்ட் முடிந்து வந்து இறங்கும் தாய்க்கு இது பெரிய விஷயம். அவரைப் பார்த்து "நீ ஏன் தோட்டத்துக்குப் போய் இலை பொறுக்கவில்லை" என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

குறை அந்தப் படத்தில்தான் இருக்கிறது. பிள்ளை தன் கையில் இருப்பதைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறது. ஒரு கண் கோணலாக ஒட்டிவிட்டால் "தப்பாப் போச்சு" என்று அழுகிறது. கஷ்டமான இடம் வந்ததும் நாம் வாங்கிச் செய்துவிடுகிறோம். கடைசியில் வீட்டுக்கு வருபவர்களிடம் காட்டுகிற அழகான ஆந்தை முக்கால்வாசி அம்மா செய்ததாக இருக்கும். குறிப்புகள் ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருப்பதால் நம் பேச்சும் "இதை எடு, அங்கே ஒட்டு" என்ற அளவில் நின்றுவிடுகிறது.

சில பெட்டிகளில் மொண்டெசோரி என்ற பெயரைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். மரியா மொண்டெசோரி 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய மரக்கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தவறான குழியில் கட்டை உட்காராது. யாரும் சொல்லாமலே பிள்ளைக்குத் தப்பு தெரிந்துவிடும், தானே திருத்திக்கொள்ளும். பஞ்சு அட்டை ஆந்தையில் அந்தக் குணம் இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறாமல், பிள்ளை தானே திருத்திக்கொள்ள அதில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தினம் ஒரு கைவேலை

காசு என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. கம், கத்தரி, மணிலா அட்டை ஆகிய மூன்றை மட்டும் வாங்கினால் போதும். மற்றதெல்லாம் சுற்றிலும் கிடைக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டு அச்சு வைத்தால் ஐந்து முனை நட்சத்திரம் வரும். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓலையைக் கிழித்தால் ஈர்க்கு. தென்னங்குருத்து கிடைத்தால் தோரணம். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் தாத்தா ஒருவர், நான்கு வயதுப் பிள்ளைக்கும் கிளி மடிக்கச் சொல்லிக்கொடுப்பார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) ஹரிராயாப் பெருநாளுக்கு, அரிசி வேகவைக்கும் ஓலைக்கூடான கெத்துப்பாட் பின்னும்போது பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வார். ஓலை மேலே போய் அடியில் வரும் அந்தப் பின்னலை இரண்டு கையாலும் செய்துவிட்ட பிள்ளைக்கு, பிறகு பென்சில் பிடிப்பது சிரமமாக இருப்பதில்லை.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். அந்த வயதில் நேற்றுச் செய்ததை இன்று தொடர வேண்டும் என்ற நினைப்பு வராது. கிழிக்க, ஒட்ட, பிசைய, கோலமாவை விரலிடுக்கில் விட வாய்ப்புக் கிடைத்தால் போதும்.

நான்கு வயதுக்கு மேல்தான் இதன் பலவீனம் தெரியும். இன்று மீன், நாளை பூ, மறுநாள் வண்டி. கை நன்றாகப் பழகுகிறது. ஆனால் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பு இல்லை. பிள்ளை கேட்கும் கேள்விக்கு நின்று பதில் தேடுவதற்குள் அடுத்த நாளின் கைவேலை வந்துவிடுகிறது.

நீண்ட செயல்திட்டம்

இது புதுசு இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-இலேயே செயல்திட்ட முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளை ஒரு நோக்கத்தோடு முழு மனதாக இறங்கும் வேலைதான் அதற்கு மையம். 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி இன்னும் ஒரு படி போனார். கைத்தொழில் பாடத்துக்கு நடுவில் இருக்க வேண்டும், கணக்கும் மொழியும் அதிலிருந்தே வர வேண்டும் என்றார். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் பெயரே மகாத்மா காந்தி கலாசாலை. அவர் சொன்னதைச் செய்து பார்ப்பதற்கு இந்த ஊரை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் நடந்த ரப்பர்ச் செயல்திட்டத்தைச் சொல்கிறேன். செம்பனை வந்து ரப்பர் தரும் பால்மரங்கள் குறைந்துவிட்டாலும், சின்னத் தோட்டங்களில் இன்னும் நிற்கின்றன. காய் வெடிக்கும் பருவத்தில் வெயில் ஏறியதும் மரத்தடியில் நின்றால் பட் பட்டென்று சத்தம் கேட்கும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தைத் தேடித்தான் முதலில் போனார்கள். ஒரு காயில் மூன்று அறை, மூன்று கொட்டை. அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை. "ஏன் எல்லாமே மூணு?" என்று பெரியவன் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்று மாலை கொட்டைகளை மூன்று மூன்றாக வைத்து, மூன்றாம் வாய்ப்பாட்டை அவனே கண்டுபிடித்தான். நான் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் அந்தக் கொட்டையில் சொங்காக் (நம் பல்லாங்குழி போன்ற மலாய் விளையாட்டு) விளையாட ஆசை வந்தது. பலகை கிடையாது. முட்டை அட்டையை வெட்டிச் செய்யலாம் என்று முடிவானது. சொங்காக்கில் ஒரு பக்கத்துக்கு ஏழு வீடு. முப்பது முட்டை அட்டையிலோ ஒரு வரிசைக்கு ஆறு குழிக்கு மேல் வராது. ஏழாவதை எங்கே தேடுவது? இன்னொரு அட்டையிலிருந்து வெட்டி ஒட்டலாம் என்று யோசித்து, ஒட்டி, அது பிய்ந்து, அடியில் மணிலா அட்டை கொடுத்து மறுபடி ஒட்டினார்கள். பதினான்கு வீட்டுக்கும் ஏழு ஏழாகப் போட 98 கொட்டை வேண்டும். பொறுக்கி வந்தது போதவில்லை என்று தெரிந்ததும் மறுநாள் திரும்பப் போனோம். கடைப் பெட்டியில் இந்தக் குறைச்சல் வரவே வராது, எல்லாவற்றையும் எண்ணித்தான் போட்டிருப்பார்கள். போதாமல் போனதால்தான் இன்னும் எத்தனை வேண்டும் என்ற கேள்வி வந்தது. கழித்தல் அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

பாட்டி இருக்கும் வீட்டில் செயல்திட்டம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. என் மாமியார் பால் வெட்டியவர். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு இருட்டில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனவர். "பாட்டி, ஏன் இருட்டுல போனீங்க?" என்று சின்னவள் கேட்டாள். "வெயில் ஏறுனா பால் நின்னுரும் சாமி" என்றார். குளிர்ச்சியான நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும் என்று நான் பிறகு விளக்கினேன். வெட்டு ஏன் சாய்வாகப் போகிறது என்று காட்ட, அவர் ஒரு காகிதக் குழாயில் இடது மேலிருந்து வலது கீழாகக் கோடு போட்டார். பிள்ளைகள் அதன்படி களிமண்ணில் மரமும் பால் பிடிக்கும் மங்கும் செய்தார்கள். மங்கு, ஒட்டுப்பால் (வெட்டில் உறைந்து ஒட்டிய பால்), பெரட்டு, மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) என்று எத்தனை சொற்கள் அந்தப் பேச்சில் வந்து போயின! ஒரு பெட்டிக் குறிப்பும் இவற்றைத் தராது.

அந்தப் பேச்சிலிருந்து, பழைய ரப்பர் மரம் ஒன்றைப் பார்க்கக் கோலக்கங்சார் ஊருக்குப் போனோம். 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலக்கங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று ஊருக்குள் இன்னும் நிற்கிறது. பெரியவன் அதைக் கட்டிப்பிடித்து அளந்தான், கை எட்டவில்லை, தங்கையைக் கூப்பிட்டான். அப்படியே ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங்கில் லாபு சாயோங் என்ற மண்பாண்டம் செய்வதையும் பார்த்தோம். சுரைக்காய் வடிவக் கூசாவைச் சூளையிலிருந்து சுடச்சுட எடுத்து நெல் உமியில் போட்டதும் அது கறுத்துப்போனது. எங்கள் அடுத்த செயல்திட்டம் மண் என்பதைப் பிள்ளைகளே அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள்.

செயல்திட்டத்தின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அம்மா முதல்நாள் ராத்திரியே யோசித்து வைக்க வேண்டும். வீட்டு மூலை ஒன்று வாரக்கணக்கில் கலைந்தே கிடக்கும். நடுவில் பிள்ளைக்கு ஆர்வம் விட்டுப்போகும், அப்போது இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிடத் தெரிய வேண்டும். யார் வீட்டுக்கு வந்தாலும் "இன்னிக்கு என்ன படிச்சது?" என்று கேட்பார்கள், கையில் எடுத்துக் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. இதைத் தாங்க முடியாமல்தான் பல அம்மாக்கள் பயிற்சிப் புத்தகத்துக்குத் திரும்புகிறார்கள்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முதலாம் ஆண்டுக்குப் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, கோட்டுக்குள் எழுதவும் தாளில் கேட்கும் கேள்வியைப் புரிந்துகொள்ளவும் தினம் ஒரு பக்கம் போதும். நான்கு வயதில் அதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தோட்டத்துப் பொருளை எடுப்பதற்கு முன்

இலவசம் என்பதற்காக எல்லாவற்றையும் அள்ளக் கூடாது. கீழே உதிர்ந்த செம்பனைப் பழம் தோட்டத்துக்குச் சொந்தம், பிள்ளை விளையாட்டாகப் பொறுக்கினாலும் அது திருட்டுத்தான். வெட்டிப் போட்ட ஓலையில் ஈர்க்கு எடுப்பதென்றாலும் மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மட்டையின் அடியில் முள் இருக்கும், பெரியவர்கள்தான் அறுத்துக் கொடுக்க வேண்டும். புல்லுக்கு மருந்து அடித்த நிரையில் கால் வைக்கவே வேண்டாம். எலி நடமாடும் இடம் என்பதால் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ரப்பர்க்கொட்டையில் நஞ்சு உண்டு. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைக்கும் விளையாட்டை நம் தலைமுறையே விளையாடியிருக்கிறது. அதைத் தடுக்காமல், ஏன் சூடாகிறது என்று கேட்டால் உராய்வைப் பற்றிய பாடம் நடந்துவிடும். தங்கள் கையில் மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பால்மர இலையை ஊறவைத்து, சதை அழுகியதும் பழைய பல் துலக்கியால் தேய்த்து நரம்பை மட்டும் எடுப்பது அருமையான கைவேலை. ஆனால் ஊறும் வாளியை இறுக மூடி வையுங்கள். தேங்காய்ச் சிரட்டை, டின், முட்டை அட்டை எதையும் வெளியே மழையில் விடக் கூடாது. ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

எப்போது எதை எடுப்பது

பிள்ளைக்கு மூன்று வயது என்றால் தினக் கைவேலை. நான்கு தாண்டி, வீட்டில் நீங்களோ பாட்டியோ தினம் ஒரு மணி நேரம் கூடவே உட்கார முடியும் என்றால் செயல்திட்டம். ஷிஃப்ட் வேலை என்றால் அதையே ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் உள்ள நாள்களில் சின்னச் சின்னக் கைவேலை போதும். கடைப் பெட்டியை அடைமழை நாளுக்கும், உங்களுக்கு உடம்பு முடியாத நாளுக்கும், பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுப் போகும் நாளுக்கும் ஒன்றிரண்டு வாங்கி அலமாரியில் வைத்திருக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது மேலே இருக்கும் படத்தை எடுத்து ஒளித்துவிடுங்கள். அதே துண்டுகளில் பிள்ளை வேறு எதையாவது செய்யும்.

வயது வித்தியாசம் உள்ள இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் செயல்திட்டம்தான் எனக்கு எளிதாக இருக்கிறது. பெட்டியை இரண்டாகப் பிரித்தால் சண்டை வரும். ரப்பர்ச் செயல்திட்டத்தில் சின்னவள் கொட்டைகளைப் பெரியது சிறியது என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவன் ஒவ்வொரு டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தான்.