டேங்க் லூயி கார்டியரா, பூஷெரோன் ரெஃப்லேயா?

பாரிஸ் நகை நிறுவனம் ஒன்றின் பழைய தங்கக் கைக்கடிகாரம் வேண்டும் என்று பல ஆண்டுகள் பணம் சேர்த்தேன். கடைசியில் இரண்டுதான் மிஞ்சின: கார்டியர் நிறுவனத்தின் 1970களின் டேங்க் லூயி கார்டியர், பூஷெரோன் நிறுவனத்தின் அதே காலத்து ரெஃப்லே. நான் வாங்கியது டேங்க்.

இரண்டும் செவ்வகம், 18 காரட், சாவி கொடுப்பவை. டேங்கின் இந்த வடிவம் 1922இல் வந்தது, ரெஃப்லே 1947இல். அரிதாகக் கிடைப்பது ரெஃப்லேதான். அதன் பின்பக்கத்தில் பொறிக்கும் வாசகமும் என்னைக் கவர்ந்தது: மகிழ்ச்சியான நேரங்களை மட்டுமே ஒலிப்பேன் என்கிறது அந்தக் கடிகாரம்.

என் முடிவைத் தீர்மானித்தது வார். ரெஃப்லேயில் பக்கிள் வெளியே தெரியாது. பூட்டு கடிகாரத்தின் அடியில் மறைந்திருக்கும். கருவி எதுவும் இல்லாமல் நாமே வேறு வார் மாற்றிக்கொள்ளலாம். மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் அந்தப் பூட்டுக்கென்றே செய்த வார்தான் பொருந்தும். எனக்கோ கை வியர்க்கும். தோல் வார் ஓராண்டு தாங்கினாலே அதிகம். ஒவ்வொரு முறையும் நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டும் என்ற எண்ணமே என்னைத் தயங்க வைத்தது. டேங்கில் அந்தக் கவலை இல்லை. இரு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே வார் உட்காருகிறது. அளவு கொடுத்தால் தோல் வேலை தெரிந்த எவரும் வெட்டித் தைத்துத் தருவார். வாங்கிய பின் இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

இயந்திரத்திலும் இதே கதைதான். என் டேங்கின் உள்ளே இருப்பது, சுவிஸ் இயந்திரத் தயாரிப்பாளரான ஈ.டி.ஏ.வின் 2512 என்ற இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். சுத்தம் செய்து எண்ணெய் இட்டதோடு வேலை முடிந்தது.

இரண்டுக்கும் பொதுவான எதிரி பாலிஷ். ரெஃப்லேயின் அழகே அதன் வரிவரியான பள்ளங்கள். அளவுக்கு மீறித் தேய்த்தால் அவை மழுங்கிவிடும். டேங்கிலும் பக்கச் சட்டங்களின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். என்னுடையதில் கீறல்கள் உண்டு, விளிம்பு அப்படியே இருக்கிறது.

ரெஃப்லேயை நான் கையில் கட்டிப் பார்த்தது அரை மணி நேரம்தான். அதனுடன் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் வேறு தீர்ப்புச் சொல்லக்கூடும். பாரிஸில் வசிப்பவர், வாந்தோம் சதுக்கத்தில் 26ஆம் எண்ணில் உள்ள பூஷெரோன் கடைக்கு நடந்தே போகக்கூடியவர் என்றால் வாரைப் பற்றிய என் வாதம் பாதி அடிபட்டுப் போகும்.